ஸ்டீபன் கிங் முதல் பதிப்புகள்: ஏமாறாமல் வாங்கிச் சேகரிக்க ஒரு வழிகாட்டி

ஈபேயில் ‘ஸ்டீபன் கிங் முதல் பதிப்பு’ என்று தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதில் கணிசமானவை முதல் பதிப்பே அல்ல. புக் கிளப் எனும் அஞ்சல்வழிப் புத்தகச் சங்கங்களின் உறுப்பினர்களுக்காக மலிவுத் தாளில் அடித்த பிரதிகள். விற்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பலருக்கும் காப்பிரைட் பக்கத்தில் 1974 என்றோ 1977 என்றோ இருப்பதைத் தவிர வேறு எதைப் பார்ப்பது என்று தெரியாது. அந்த அறியாமைக்குப் பணம் கொடுப்பவர் வாங்குபவர்தான்.

சேகரிப்பவர்கள் ‘முதல் பதிப்பு’ என்று சொல்லும்போது முதல் பதிப்பின் முதல் அச்சைத்தான் சொல்கிறார்கள். அதே பதிப்பின் இரண்டாவது அச்சு, உள்ளே ஒரு எழுத்து மாறாவிட்டாலும், விலையில் வேறு புத்தகம். இன்னொன்று: கெட்டி அட்டைப் புத்தகமும் அதன் மேலுறையும் இரண்டு தனிப் பொருள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். மதிப்பின் பெரும்பகுதி அந்தக் காகித மேலுறையில்தான் இருக்கிறது.

1. எந்தப் பகுதியைச் சேகரிப்பது என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

கிங் எழுதியது எல்லாவற்றையும் வாங்கப் புறப்பட்டால் வீடும் நிரம்பும், பணமும் கரையும். அவருடைய புத்தகங்களை, பெரும்பாலும் வெளியிட்ட பதிப்பகத்தை வைத்து, ஐந்து கூட்டமாகப் பிரிக்கலாம்.

டபுள்டே காலம்: கேரி (1974), சேலம்ஸ் லாட் (1975), தி ஷைனிங் (1977), நைட் ஷிஃப்ட் (1978), தி ஸ்டாண்ட் (1978). 1983இல் வந்த பெட் செமட்டரியும் டபுள்டே வெளியீடுதான் என்றாலும் அது மிக அதிகமாக அச்சானது, மலிவு. முதல் ஐந்தும்தான் விலை உயர்ந்தவை. நல்ல மேலுறையோடு கூடிய கேரி ஆயிரம் டாலரைத் தாண்டும். மற்றவை நிலையைப் பொறுத்து சில நூறிலிருந்து மேலே போகும்.

வைக்கிங் காலம்: 1979இல் தி டெட் ஸோன் தொடங்கி. ஆரம்பப் புத்தகங்கள் ஐம்பதிலிருந்து இருநூறு டாலருக்குள் நல்ல நிலையில் கிடைக்கும். மிசரி (1987) போன்றவை லட்சக்கணக்கில் அச்சானவை; இருபது முப்பது டாலருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

ரிச்சர்ட் பாக்மன் என்ற புனைபெயரில் வந்த பேப்பர்பேக்குகள் மூன்றாவது கூட்டம். சிறு பதிப்பகங்கள் வெளியிட்ட, எண்ணிட்டுக் கையெழுத்திட்ட பதிப்புகள் நான்காவது. 1998இல் பேக் ஆஃப் போன்ஸ் தொடங்கி ஸ்க்ரிப்னர் வெளியிடும் புத்தகங்கள் ஐந்தாவது. இவற்றை வெளியாகும் நாளிலேயே கடை விலைக்கு வாங்கலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு வைக்கிங் காலம்தான் நல்ல பள்ளிக்கூடம். அங்கே தவறு செய்தால் முப்பது டாலர் போகும். கேரியில் தவறு செய்தால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போகும்.

2. டபுள்டே புத்தகங்களில் மூன்று இடங்களைச் சோதியுங்கள்

முதலாவது, காப்பிரைட் பக்கம். ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற சொற்கள் அங்கே அச்சாகியிருக்க வேண்டும். அடுத்தடுத்த அச்சுகளில் டபுள்டே அந்த வரியை எடுத்துவிடும். வரி இல்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. வரி இருப்பது மட்டும் போதவும் போதாது.

இரண்டாவது, தையல் ஓரக் குறியீடு. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஒன்றில், இரண்டு பக்கங்கள் சேரும் உள் ஓரத்தில், கீழ்ப்பகுதியில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் அதையடுத்து எண்ணும் இருக்கும். எழுத்து ஆண்டைக் குறிக்கும். எண் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதைக் குறிக்கும். ‘ஓ’வுக்கு அடுத்து வரும் ‘பி’ 1974, ‘க்யூ’ 1975, ‘ஆர்’ 1976, ‘எஸ்’ 1977, ‘டி’ 1978. முதல் அச்சுகளில் இருக்க வேண்டியவை இவை:

- கேரி: பக்கம் 199, பி6
- சேலம்ஸ் லாட்: பக்கம் 439, க்யூ37
- தி ஷைனிங்: பக்கம் 447, ஆர்49
- நைட் ஷிஃப்ட்: பக்கம் 336, எஸ்52
- தி ஸ்டாண்ட்: பக்கம் 823, டி39

இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கணக்குப் புரிந்தால் போதும். கேரி கடைக்கு வந்தது 1974 ஏப்ரலில். பி6 என்றால் அந்த ஆண்டின் ஆறாவது வாரம், அதாவது பிப்ரவரி. வெளியீட்டுக்கு முன் அச்சடித்துக் கட்டியாகிவிட்டது. தி ஷைனிங் வந்தது 1977 ஜனவரி இறுதியில். அதன் குறியீடு முந்தைய ஆண்டின் டிசம்பரைக் காட்டுகிறது. தி ஸ்டாண்ட் 1978 அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. டி39 செப்டம்பர் கடைசி. குறியீடு காட்டும் வாரம் வெளியீட்டுத் தேதிக்குப் பின்னால் விழுந்தால் அந்தப் பிரதி முதல் அச்சாக இருக்க வழியே இல்லை.

விற்பவர் அனுப்பும் படங்களில் இந்தப் பக்கம் அநேகமாக இருக்காது. கேட்டு வாங்குங்கள். புத்தகத்தை முழுவதும் விரித்துப் படமெடுக்கச் சொல்லாதீர்கள், கட்டு உடைந்துவிடும். பக்கத்தை லேசாகத் திறந்து, மேலிருந்து ஒரு படம் போதும். “குறியீடு எதுவும் தென்படவில்லை” என்று பதில் வந்தால் பக்க எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். பலர் காப்பிரைட் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, மேலுறையின் முன் உள்மடிப்பில் அச்சாகியிருக்கும் விலை. கேரிக்கு 5.95 டாலர், தி ஷைனிங்குக்கும் நைட் ஷிஃப்டுக்கும் 8.95, தி ஸ்டாண்டுக்கு 12.95. விலை இல்லாத மேலுறை புக் கிளப் மேலுறை. விலை இருக்கும் மூலை கத்தரிக்கப்பட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தில் பரிசாகக் கொடுப்பவர்கள் விலையை வெட்டிவிடுவது வழக்கம்தான். ஆனால் வெட்டிய மூலை, விலையே அச்சாகாத கிளப் மேலுறையை மறைக்கவும் வசதியானது. உண்மையான முதல் மேலுறையே என்றாலும், மூலை வெட்டியிருந்தால் விலையில் நன்றாகக் குறைத்துக் கேட்கலாம்.

3. சேலம்ஸ் லாட்டுக்குத் தனி விதி

ஐந்திலும் அதிகம் குழப்புவது இதுதான். புத்தகம் ஒன்றே: ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ வரி, க்யூ37 குறியீடு. மேலுறைதான் மூன்று நிலைகளில் இருக்கிறது.

முதல் நிலையில் விலை 8.95 டாலர், உள்மடிப்பில் உள்ள கதைச் சுருக்கத்தில் பாதிரியாரின் பெயர் ஃபாதர் கோடி என்று தவறாக அச்சாகியிருக்கும். நாவலில் கோடி என்பவர் டாக்டர். பாதிரியார் ஃபாதர் கல்லஹன். இரண்டாம் நிலையில் பதிப்பகமே 8.95ஐ வெட்டிவிட்டு 7.95 என்று புது விலையை அச்சிட்டது. ஃபாதர் கோடி அப்படியே இருக்கிறார். மூன்றாம் நிலையில் விலை 7.95, பெயரும் ஃபாதர் கல்லஹன் என்று திருத்தப்பட்டது.

இதனால் வருகிற விசித்திரம்: கிங்கின் மற்ற புத்தகங்களில் வெட்டிய மூலை குறை, இங்கே இரண்டாம் நிலை மேலுறையில் வெட்டிய மூலை இருந்தே ஆக வேண்டும். வெட்டு நேர்த்தியாக இருக்கிறதா, 7.95 அச்சாகியிருக்கிறதா, கோடி என்று இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 7.95 இல்லாமல் வெறும் வெட்டு மட்டும் இருந்தால் அது யாரோ வீட்டில் வெட்டியது.

முதல் நிலை மேலுறை, வெட்டப்படாத 8.95 விலையோடு, மிக மிக அரிது. வெளியே தெரியவந்தவை ஒரு சில பிரதிகளே. ஆகவே “8.95, கோடி, வெட்டப்படாதது” என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டால் முதலில் வரவேண்டியது சந்தேகம், மகிழ்ச்சி பிறகு வரட்டும். நகல் மேலுறையா என்று சோதிக்காமல் ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். நடைமுறையில் நீங்கள் வாங்கக்கூடியது இரண்டாம் நிலை அல்லது மூன்றாம் நிலை. மூன்றாம் நிலை மேலுறையும் முதல் அச்சுப் புத்தகத்தோடு வந்ததுதான். அதை ‘இரண்டாவது அச்சு’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

4. புக் கிளப் பிரதியைக் கையிலேயே கண்டுபிடிப்பது

பழைய புத்தகக் கடையில் நிற்கும்போது இணையத்தைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. கண்ணும் கையும் போதும்.

- அளவு: கிளப் பிரதி உயரத்தில் கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலம் வரை குறைவாக இருக்கும், எடையும் குறைவு.
- தாள்: மலிவானது, சீக்கிரம் பழுத்துவிடும்.
- மேலுறை: விலை இருக்காது. உள்மடிப்பின் கீழே ‘புக் கிளப் எடிஷன்’ என்று இருக்கலாம்; பின்புறம் சிறு கட்டத்தில் நான்கைந்து இலக்க எண் இருக்கலாம்.
- பின் அட்டை: கீழ்ப்பகுதியில் முதுகுக்கு அருகே சிறு புள்ளியோ சதுரமோ அழுத்திப் பதித்திருக்கலாம். மேலுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பாருங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் கதை முடிந்தது. ஒன்றும் இல்லையென்றால் குறியீட்டுப் பக்கத்துக்குப் போங்கள்.

இதைவிடத் தந்திரமானது ‘கலப்பு மணம்’: முதல் அச்சுப் புத்தகத்துக்குக் கிளப் மேலுறை போட்டிருப்பது, அல்லது கிளப் புத்தகத்துக்கு நல்ல மேலுறை மாட்டியிருப்பது. மேலுறை புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறதா, மடிப்புக் கோடு அட்டையின் விளிம்போடு சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் தண்ணீர்க் கறை இருந்து மேலுறையில் அதே இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால் இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்தவை அல்ல.

நகல் மேலுறைக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து டாலர்தான். அசல் மேலுறையின் படங்களில் ஆஃப்செட் அச்சின் ஒழுங்கான புள்ளிச் சுழல்கள் தெரியும். எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நகலில் எழுத்தின் விளிம்பே புள்ளிகளாகச் சிதறும். புற ஊதா டார்ச் கொண்டு தாளின் வயதைச் சொல்லிவிடலாம் என்று சிலர் அறிவுரை தருவார்கள். நூறாண்டுக்கு முந்தைய புத்தகங்களுக்கு அது உதவும். 1970களின் தாளிலேயே வெண்மையூட்டிகள் கலந்திருப்பதால் கிங் புத்தகங்களுக்கு அந்தச் சோதனை பெரிதாக எதையும் நிரூபிக்காது.

5. வைக்கிங், ஸ்க்ரிப்னர் புத்தகங்கள்

வைக்கிங்கின் ஆரம்பப் புத்தகங்களில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வரியைத் தேடி ஏமாற வேண்டாம். “1979இல் தி வைக்கிங் பிரஸ் முதலில் வெளியிட்டது” என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். அதன்கீழ் இரண்டாவது அச்சு, மூன்றாவது அச்சு என்று எதுவும் இல்லாமல் இருந்தால் அதுவே முதல் அச்சு. இல்லாததைத் தேடும் வேலை என்பதால், காப்பிரைட் பக்கம் முழுவதும் தெரியும் படம் வேண்டும். பாதிப் படம் ஏற்காதீர்கள்.

மேலுறை விலைகள்: தி டெட் ஸோன் 11.95, ஃபயர்ஸ்டார்ட்டர் 13.95, கூஜோ 13.95, டிஃபரன்ட் சீசன்ஸ் 16.95, கிறிஸ்டீன் 16.95, இட் 22.95, மிசரி 18.95.

இட் 1,138 பக்கம். அந்தக் கனத்தில் புத்தகத்தின் உடலே முன்னோக்கிச் சரிந்து முதுகு கோணலாகிவிடும். தி ஸ்டாண்டுக்கும் இதே நோய். மேலேயிருந்து பார்த்தபடி முதுகின் படம் ஒன்று கட்டாயம் கேளுங்கள். நேரான முதுகுள்ள இட் பிரதிக்குச் சற்று அதிகம் கொடுக்கலாம். கோணலானது எவ்வளவு மலிவானாலும் பிறகு விற்கும்போது தலைவலி.

ஸ்க்ரிப்னர் புத்தகங்களில் காப்பிரைட் பக்கத்தின் கீழே எண் வரிசை இருக்கும்: 1 3 5 7 9 10 8 6 4 2. இதில் 1 இருந்தால் முதல் அச்சு. 1 போய் 2 மிஞ்சியிருந்தால் இரண்டாவது. இந்த விதி எல்லாப் பதிப்பகத்துக்கும் ஒன்றல்ல. ரேண்டம் ஹவுஸ் பல காலம் முதல் அச்சிலேயே வரிசையை 2இல் தொடங்கி, பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று போட்டது. நாளை வேறு எழுத்தாளருக்கு மாறினால் விதியையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

6. பாக்மன் பேப்பர்பேக்குகள்

ரேஜ் (1977), தி லாங் வாக் (1979), ரோட்வொர்க் (1981), தி ரன்னிங் மேன் (1982) நான்கும் சிக்னெட் பதிப்பகத்தின் பேப்பர்பேக்காகவே முதலில் வந்தவை. கெட்டி அட்டை முதல் பதிப்பு என்று யாராவது சொன்னால் அது வேறு ஏதோ. 1985இல் இந்த நான்கையும் ஒன்றாகத் தொகுத்து தி பாக்மன் புக்ஸ் வந்தது. அதை ‘ரேஜ் முதல் பதிப்பு’ என்று விற்கப் பார்ப்பவர்கள் உண்டு.

ரேஜ் விலையேறியதற்குக் காரணம், பள்ளித் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு கிங்கே அதை அச்சிலிருந்து நிறுத்தச் சொன்னது. முதல் அச்சின் அட்டையில் 1.50 டாலர் விலை இருக்கும். காப்பிரைட் பக்கத்தில் ‘ஃபர்ஸ்ட் பிரின்ட்டிங்’ என்ற வரியும், 1இலிருந்து தொடங்கும் எண் வரிசையும் பாருங்கள். நிலையைப் பொறுத்து சில நூறு டாலரிலிருந்து ஆயிரத்தையும் தாண்டும்.

பேப்பர்பேக்கில் முதுகு மடிப்புதான் உயிர். ஒருமுறை முழுசாகப் படித்தாலே முதுகில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். கோடில்லாத பிரதியும் நான்கு கோடுள்ள பிரதியும் விலையில் பல மடங்கு வித்தியாசப்படும். கோட்டின் மேல் கறுப்பு மார்க்கர் தடவி மறைப்பது பழைய வித்தை. சாய்வான வெளிச்சத்தில் எடுத்த படம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பாக்மன் பெயரில் முதன்முதலாகக் கெட்டி அட்டையில் வெளியானது 1984இல் வந்த தின்னர். எளிதில் கிடைக்கும்.

7. சிறு பதிப்பகப் பதிப்புகளும் கையெழுத்தும்

சில புத்தகங்களுக்குப் பெரிய பதிப்பகத்தின் கடைப் பதிப்பு உண்மையான முதல் பதிப்பு அல்ல. தி கன்ஸ்லிங்கரை டொனால்ட் எம். கிராண்ட் 1982இல் வெளியிட்டார்: கடைப் பதிப்பு 10,000, கையெழுத்திட்டவை 500. 1984இல் வந்தது இரண்டாம் பதிப்பு. படங்களும் தோற்றமும் ஒன்றே என்பதால் அவசரத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், காப்பிரைட் பக்கத்தைப் படித்தே வாங்குங்கள். தி ஐஸ் ஆஃப் தி டிராகன் 1984இல் கிங்கின் சொந்த ஃபில்ட்ரம் பிரஸ் வழியாக, எண்ணிட்டு வந்தது. வைக்கிங் பதிப்பு 1987இல்தான். ஃபயர்ஸ்டார்ட்டருக்கு 1980இல் ஃபேன்டேசியா பிரஸ் 725 எண்ணிட்ட பிரதிகள் போட்டது. அவை தவிர 26 பிரதிகளை அலுமினியம் பூசிய ஆஸ்பெஸ்டாஸ் துணியில் கட்டியது. தீயில் எரியாத புத்தகம் என்ற வேடிக்கைதான்; அதை வாங்கும் வசதி இருப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இத்தகைய பதிப்புகளில் பெட்டி உறை, எண்ணிட்ட பக்கம், கூடவே வந்த தனிப் படங்கள் எல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டி உறை இல்லாவிட்டால் மதிப்பு சரசரவென்று இறங்கும்.

கிங் கையெழுத்து வேண்டுமென்றால் இந்த எண்ணிட்ட பதிப்புகளே பாதுகாப்பான வழி. பதிப்பகம் அனுப்பிய தாளில் அவர் கையெழுத்திட்டு, அது புத்தகத்தோடு கட்டப்பட்டது. போலி செய்வது கடினம். சாதாரணப் பிரதியில் உள்ள கையெழுத்து வேறு கதை. கிங் கையெழுத்துப் போலிகள் சந்தையில் ஏராளம். ‘சான்றிதழ் உண்டு’ என்பது ஒரு பொருட்டே அல்ல; எவரும் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம். பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற வெளி நிறுவனங்களின் சோதனையும் ஒரு கருத்து மட்டுமே, ஆனால் மறுவிற்பனைக்கு உதவும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அவருடைய கையெழுத்து 1970களில் இருந்ததுபோல் பிற்பாடு இல்லை. நெடுகிலும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய பிரதியில் 1981 என்று தேதி இருந்தால் 1981ஐ ஒட்டி வெளியான எண்ணிட்ட பதிப்பின் கையெழுத்துப் படங்களைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களில் தெளிவான படங்கள் கிடைக்கும். 1974 புத்தகத்தில் இன்றைய அவசரக் கையெழுத்து இருப்பது தவறில்லை, பிற்பாடு வாங்கியிருக்கலாம். 1974 என்று தேதியும் போட்டு இன்றைய கையெழுத்து இருந்தால் விலகிவிடுங்கள்.

8. நிலையைச் சொல்லும் சொற்கள்

ஃபைன், நியர் ஃபைன், வெரி குட், குட் என்று இறங்கும். முதலில் வருபவருக்கு ‘குட்’ என்றால் நல்லது என்று தோன்றும். இந்தத் தொழிலில் ‘குட்’ என்றால் அடிபட்டது. ‘ஃபைன்/வெரி குட்’ என்று சாய்கோட்டுடன் இருந்தால் முதலாவது புத்தகம், இரண்டாவது மேலுறை.

‘எக்ஸ்-லைப்ரரி’ என்றிருந்தால் முத்திரை, ஒட்டுத்தாள், பை எல்லாம் இருக்கும், சேகரிப்புக்கு வேண்டாம். ‘ரிமெய்ண்டர் மார்க்’ என்பது விற்காமல் தள்ளுபடிக்குப் போன பிரதியின் கீழ் விளிம்பில் மார்க்கரால் போட்ட கோடு அல்லது புள்ளி. சிவப்பு எழுத்துள்ள மேலுறை முதுகு வெயிலில் வெளிறிப்போவது சாதாரணம். முன்பக்கச் சிவப்போடு ஒப்பிட்டால் தெரியும். விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் முதுகில் ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

9. எங்கே வாங்குவது, எவ்வளவு கொடுப்பது

கேட்கும் விலையைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். பழைய புத்தகங்கள் விற்கும் இணையதளமான ஏப்புக்ஸில் வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பிரதியின் விலை சந்தை விலை அல்ல. ஈபேயில் ‘விற்றவை’ என்ற வடிகட்டியைப் போட்டால் சுமார் கடந்த மூன்று மாதம் உண்மையில் என்ன விலைக்குப் போயின என்று தெரியும். ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்தின் பழைய முடிவுகளை இலவசக் கணக்கு திறந்து பார்க்கலாம். வாங்கப்போகும் புத்தகத்தை இரண்டு மூன்று மாதம் இப்படிக் கவனித்துவிட்டுக் கை வையுங்கள்.

படமோ தொடரோ வெளியாகும் சமயத்தில் வாங்காதீர்கள். 2017 செப்டம்பரில் இட் திரைக்கு வந்தபோது நடந்ததுபோல், அந்த வாரங்களில் எல்லோரும் ஒரே புத்தகத்தைத் தேடுவார்கள். ஆரவாரம் அடங்கிய பிறகு, அதே அலையில் வாங்கியவர்களே விற்க வருவார்கள்.

விலை உயர்ந்தவற்றுக்கு அமெரிக்கப் பழம்புத்தக வணிகர் சங்கமான ஏபிஏஏ உறுப்பினர்களிடம் போங்கள். விலை கூடுதல்தான், ஆனால் விவரிப்புக்கு அவர்கள் பொறுப்பு. மலிவுக்கு, நூலக நண்பர் குழுக்கள் நடத்தும் விற்பனைகளும், வீடு காலிசெய்யும் எஸ்டேட் விற்பனைகளும். அங்கே இரண்டு மூன்று டாலருக்கு வைக்கிங் முதல் அச்சுகள் கிடப்பது இன்றும் உண்டு.

ஏலத்தில் கவனம்: சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. 1,000 டாலருக்கு முடிந்தால், வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம் என்று வைத்தால் 1,250. அதன்மேல் மாநில விற்பனை வரி 8 சதவீதம் என்றால் 1,350. பிறகு அனுப்பும் செலவும் காப்பீடும். இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டு உங்கள் உச்ச விலையை முன்பே எழுதி வையுங்கள். கட்டணமும் வரியும் நிறுவனத்துக்கும் மாநிலத்துக்கும் மாறும். ஒரெகன், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா, டெலவேர் மாநிலங்களில் விற்பனை வரி இல்லை.

10. பணம், அஞ்சல், ஆவணம்

கிரெடிட் கார்டு அல்லது பேபாலின் ‘பொருள், சேவை’ முறையில் மட்டும் செலுத்துங்கள். ‘நண்பர், குடும்பம்’ முறையில் அனுப்பினால் ஐந்து டாலர் குறைப்பேன் என்பவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஈபேயில் விவரிப்புக்குப் பொருந்தாத பொருளுக்கு, வந்து சேர்ந்ததிலிருந்து 30 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆகவே பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்காதீர்கள். வந்த அன்றே பிரித்து, பிரிப்பதை வீடியோ எடுத்து, குறியீட்டையும் விலையையும் சரிபாருங்கள்.

அமெரிக்க அஞ்சல் துறையின் மீடியா மெயில் மலிவு, அமெரிக்காவுக்குள் மட்டும். மெதுவாகப் போகும், அஞ்சல் ஊழியர்கள் திறந்து பார்க்கவும் உரிமை உண்டு. ஐம்பது டாலருக்கு மேற்பட்ட எதற்கும் பிரயாரிட்டி மெயில், காப்பீட்டோடு. ஆயிரக்கணக்கான டாலர் என்றால் ரெஜிஸ்டர்டு மெயில்; தாமதமானாலும் ஒவ்வொரு கையிலும் கையெழுத்தோடு மாறும். எப்படிக் கட்ட வேண்டும் என்பதையும் விற்பவருக்கு எழுதிவிடுங்கள்: புத்தகத்துக்கு அட்டைத் தாங்கல், மூலைகளுக்குப் பாதுகாப்பு, பெட்டிக்குள் பெட்டி. குமிழ் உறையில் மட்டும் போட்டு அனுப்பினால் மூலை நசுங்கி வரும். நசுங்கிய மூலையை நிமிர்த்த முடியாது.

ரசீதில் ‘பழைய புத்தகம் ஒன்று’ என்று எழுத விடாதீர்கள். “கேரி, டபுள்டே 1974, ஃபர்ஸ்ட் எடிஷன், பக்கம் 199இல் பி6, மேலுறை விலை 5.95 வெட்டப்படாதது” என்று முழு விவரம் இருக்கட்டும். தகராறு வந்தாலும், காப்பீட்டுக்கும், விற்கும்போதும் அதுதான் பேசும். அமெரிக்காவில் வீட்டுக் காப்பீடு சேகரிப்புப் பொருள்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கும். மொத்த மதிப்பு சில ஆயிரம் டாலரைத் தாண்டினால் தனியாகப் பட்டியலிட்டுக் காப்பீடு எடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால், சேகரிப்புப் பொருள்கள் என்ற வகையில் மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். வாங்கிய ரசீது இல்லாவிட்டால் லாபக் கணக்கு காட்ட வழியில்லை.

11. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை, மேலுறைக்கு ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் உறை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நிறுவனப் பெயரால் இதைப் ‘ப்ரோடார்ட்’ என்றே சொல்வார்கள். உறையை மேலுறைத் தாளில் ஒட்டக்கூடாது. மடித்துச் செருகுவது மட்டும்தான். பிவிசி பைகள் வேண்டாம், காலப்போக்கில் மையை உரிக்கும். லாமினேஷன் செய்தால் அந்த மேலுறை அத்தோடு தீர்ந்தது.

நேர் வெயில் படாத அலமாரி, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம், அறை வெப்பம் 21 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல். கூரையடிப் பரணும் நிலவறையும் கூடாது. புத்தகங்களை நெருக்காமல் நேராக நிறுத்துங்கள். இட், தி ஸ்டாண்ட் போன்ற கனமானவற்றைப் படுக்கவைப்பதே முதுகுக்கு நல்லது. எடுக்கும்போது முதுகின் மேல் நுனியைப் பிடித்து இழுக்காமல், இருபுறப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு நடுப்பகுதியைப் பிடித்து எடுங்கள்.

மேலுறை கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். பத்தாண்டில் மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கிவிடும். பின்புறம் ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் கொண்டு பழுதுபார்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். முந்நூறு டாலர் மேலுறைக்கு அந்தச் செலவு தகும், முப்பது டாலர் மேலுறைக்குத் தகாது. பழுதுபார்த்த பிரதியை விற்கும்போது அதை வெளிப்படையாக எழுத வேண்டும். நிறம் தீட்டியிருந்தால் எங்கே, எவ்வளவு என்பதையும் சேர்த்து.